குரல் மட்டும் காணவில்லையா? ஹெட்போன் கோளாறுகளை அறிகுறி கொண்டு கண்டுபிடிக்கும் முறை

மதுரை டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஒலிக்கருவிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். மேசைக்கு வருபவர்கள் பலரும் பையிலிருந்து ஹெட்போனை எடுத்து வைக்கும்போதே, "இது போச்சு, வேற நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சோதித்துப் பார்த்தால் போனின் ஜாக் துவாரத்தில் சட்டைப்பை நூல் அடைத்திருக்கும். காது ரப்பரின் அளவு பொருந்தாமல் இருக்கும். அல்லது கருவி முழு நலத்தோடு இருக்க, அதை வைத்துக் கேட்கும் இடம் அதற்கு ஏற்றதாக இருக்காது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிதாக ஒன்றை வாங்கினால், அதே குறை புதுப் பெட்டிக்குள் உட்கார்ந்து வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே எது நல்ல ஹெட்போன் என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் காதில் என்ன குறை தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

சோதனைக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: இன்னொரு போன், நன்றாக வேலை செய்யும் இன்னொரு இயர்போன், ஒரு பழைய பாட்டு. பழைய பாட்டைச் சும்மா சொல்லவில்லை. 1922 இல் மதுரையில் பிறந்த டி.எம்.சௌந்தரராஜன் 1950களில் பாடியவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் சரி, அக்காலத் திரைப்பாடல்கள் மோனோ முறையில் பதிவானவை. அதாவது இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே ஒலிதான் செல்லும். இரு பக்கமும் நலமாக இருந்தால் அந்தக் குரல் மூக்குக்கு நேரே, தலையின் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் எங்கோ கோளாறு இருக்கிறது. பின்னாளில் ஸ்டீரியோபோல, அதாவது இரு காதுக்கும் வெவ்வேறு ஒலி செல்லும்படி, மாற்றி வெளியிட்ட பதிவுகள் இந்தச் சோதனைக்கு உதவா.

ஒரு பக்கம் குறைவாகக் கேட்கிறது

முதலில் இயர்போனை இடம் மாற்றி, இடப்பக்கத்தை வலக்காதிலும் வலப்பக்கத்தை இடக்காதிலும் வையுங்கள். குறை இயர்போனோடு சேர்ந்து மறு காதுக்கு நகர்ந்தால் கோளாறு கருவியிலோ போனிலோ இருக்கிறது. இடம் மாற்றிய பிறகும் அதே காதில் குறை நின்றால், அது காதின் குறை. குறும்பி அடைத்திருக்கலாம், அதற்காகப் பஞ்சுக் குச்சியையோ ஊக்கையோ உள்ளே விடாதீர்கள், காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். ஓரிரு நாளில் திடீரென்று ஒரு காது மந்தமாகியிருந்தால் அதை அவசரமாகக் கருதி, அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ வேறு காது மருத்துவரிடமோ உடனே செல்ல வேண்டும். திடீர்ச் செவித்திறன் இழப்பில் சிகிச்சை தாமதமாகத் தாமதமாகப் பலன் குறைகிறது. ஹெட்போன் பழுதென்று நினைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பது மிகவும் ஆபத்தானது என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

குறை கருவியில் என்று தெரிந்தால் அதே இயர்போனை இன்னொரு போனில் செருகிப் பாருங்கள். அங்கே சரியாகக் கேட்டால் உங்கள் போனின் அமைப்புகளில், அணுகல்தன்மைப் பகுதியில் இடவல ஒலிச் சமநிலை ஒரு பக்கம் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள்; குழந்தைகள் கையில் போன் போகும் வீடுகளில் இது அடிக்கடி நேர்கிறது. அங்கேயும் குறை தொடர்ந்தால் காது ரப்பரைக் கழற்றி, அதனடியிலுள்ள கம்பிவலையை வெளிச்சத்தில் பாருங்கள். மெழுகுபோல அழுக்கு படிந்திருந்தால், வலை தரையைப் பார்க்கும்படி இயர்போனைக் கவிழ்த்துப் பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் தட்டி எடுக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளே விழுந்துவிடும். ஊசியால் குத்தினால் வலையோடு உள்ளிருக்கும் படலமும் கிழியும்.

வயர் வைத்த இயர்போனில் வயரை ஜாக்கின் கழுத்தருகே மெல்ல வளைக்கும்போது ஒலி வந்து வந்து போனால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஜாக்கின் நுனிக்கும், மின்னோட்டம் திரும்பி வரும் கிரவுண்டு வளையத்துக்கும் இடையே ஒரு முறை, நுனிக்கு அடுத்த வளையத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு முறை மின்தடையை ஓம் கணக்கில் அளந்து பார்க்கலாம். சாதாரண இயர்போன்களில் 16 அல்லது 32 ஓமை ஒட்டிய அளவு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒரு பக்கம் ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்த பக்கம் அதுதான்.

பாடகரின் குரல் மறைந்து பின்னணி இசை மட்டும் கேட்கிறது

மேசைக்கு வரும் கோளாறுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. காரணம் தெரிந்துவிட்டால் ஸ்டீரியோ என்பதே இன்னதென்று புரிந்துவிடும். திருமங்கலத்திலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு பெண் தன் தாத்தாவின் இயர்போனைக் கொண்டுவந்து, "அண்ணே, இதுல தாத்தா கேக்குற பழைய பாட்டு சுத்தமா கேக்கல, நான் கேக்குற புதுப் பாட்டு மட்டும் மியூசிக்கோட வருது, ஆனா பாடுறவங்க சத்தம் இல்ல" என்றாள். நோயைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு வந்ததுபோல இருந்தது அந்தப் பேச்சு.

நடந்தது இதுதான். இடப்பக்கத்துக்கு ஒரு கம்பி, வலப்பக்கத்துக்கு ஒரு கம்பி, இரண்டிலிருந்தும் மின்னோட்டம் திரும்பி வருவதற்குப் பொதுவாகக் கிரவுண்டு என்று ஒரு கம்பி. அந்தக் கிரவுண்டு அறுந்துவிட்டால் மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழியில்லாமல், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குள் புகுந்து ஓடுகிறது. அப்போது காதில் விழுவது இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. பாடகரின் குரல் வழக்கமாக இரு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைகிறது. ஒரு பக்கம் ஒதுங்கிய வயலினும் கிதாரும் எதிரொலியும் தங்கிவிடுகின்றன. மோனோ பாட்டில் இரு பக்கமும் முழுக்க ஒன்றே என்பதால், கழித்தபின் மிச்சம் எதுவுமில்லை. தாத்தாவுக்கு மட்டும் மௌனம் வாய்த்தது அதனால்தான்.

இதற்குச் சோதனை முறை உண்டு. முதலில் போனின் கவரைக் கழற்றிவிட்டு ஜாக்கை 'டக்' என்று கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். தடித்த கவர் ஜாக்கை அரை மில்லிமீட்டர் தடுத்தாலும் இதே குறை வரும். துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் சுருண்டு கிடந்தால் போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் நிதானமாக எடுக்கலாம், உலோகம் எதுவும் வேண்டாம். அதன்பிறகும் குறை தொடர்ந்தால், மைக் இருக்கும் இயர்போனில் அழைப்பு எடுக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேளுங்கள். பிடித்திருக்கும் வரை குரல் திரும்பி வந்தால் எதுவும் அறுந்திருக்கவில்லை. ஜாக்கின் வளைய வரிசை மாறியிருக்கிறது. 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் மூன்று கறுப்புக் கோடுகள் இருந்தால் அது நான்கு இணைப்பு கொண்டது. கிரவுண்டையும் மைக்கையும் எந்த வளையத்தில் வைப்பது என்பதில் சி.டி.ஐ.ஏ., ஓ.எம்.டி.பி. என இரண்டு வழக்கங்கள் இருந்தன. இன்றைய போன்கள் பெரும்பாலும் முதல் வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. பழைய இயர்போனைப் புதுப் போனில் செருகும்போது இந்த முரண் வரும். அந்த இரண்டையும் இடம் மாற்றிக் கொடுக்கும் சிறு இணைப்பான் போதும். பொத்தானை அழுத்தியும் குரல் வராவிட்டால் கிரவுண்டு அறுந்திருக்கிறது, ஜாக்கை வெட்டி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். அந்தப் பெண் கொண்டுவந்ததில் ஜாக்கின் கழுத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளிக் கம்பி அறுந்திருந்தது.

வீட்டிலேயே பற்றவைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்த முடிக்கம்பிகள் வெறும் செம்புபோலத் தெரிந்தாலும் நிறம் பூசிய இனாமல் மேலே இருக்கும். பற்றுக்கோலின் நுனியில் ஈயத்துளி வைத்து, அதில் கம்பியைச் சில விநாடி அமிழ்த்தி அந்தப் பூச்சு எரிந்து ஈயம் பிடித்த பிறகே இணைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு கம்பிகளும் மாறிப் பற்றவைக்கப்பட்டால், பாட்டு கேட்கும், ஆனால் குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவும். பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி பிடிமானம் இல்லாமல் போகும். பழைய பாட்டைப் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

பாஸ் இல்லை, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி ஒலி கேட்கவில்லை

காதுக்குள் செருகும் வகையில் பாஸ் என்பது காற்றடைப்பைப் பொறுத்தது. ரப்பருக்கும் காதுத் துவாரத்துக்கும் இடையே மெல்லிய இடுக்கு இருந்தாலும் தாழ்ந்த ஒலி அதன்வழி வெளியேறிவிடும். பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பாஸ் சட்டென்று நிறைந்தால் கருவியில் குறையில்லை, ரப்பரின் அளவுதான் தவறு. பெட்டியில் வரும் மூன்று அளவுகளையும் முயலுங்கள். இடக்காதும் வலக்காதும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. எதுவும் பொருந்தாவிட்டால் பஞ்சு போன்ற ஃபோம் ரப்பர் வாங்கி, உருட்டிச் சுருக்கிச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் காத்திருங்கள். காதின் வாயில் தொங்கும் ரப்பரில்லாத வகையில் இந்த அடைப்பே கிடையாது. தவிலும் மிருதங்கமும் கேட்பவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. பெரிய ஹெட்போனில் மூக்குக்கண்ணாடியின் கால் மெத்தையைத் தூக்கி நிறுத்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நாதஸ்வரமும் வயலினும் காதைக் குத்துகின்றன

மலிவான கருவிகள் பலவற்றில், கடையில் கேட்டவுடன் பளிச்சென்று தோன்றுவதற்காக உச்ச ஒலிகளைத் தூக்கி வைத்திருப்பார்கள். நாதஸ்வரத்தில் இயல்பாகவே மேல்சுரக் கூறுகள் செறிந்திருப்பதால், தூக்கிய பகுதியும் அதுவும் சேரும்போது குத்துகிறது. ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மூன்று நான்கு டெசிபல் இறக்கிப் பாருங்கள். வாங்கும்போது கடைக்காரர் போட்டுக் காட்டும் அதிரடிப் பாட்டைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். நீங்கள் அன்றாடம் கேட்கும் கச்சேரியையே போட்டு, கால் மணி நேரமாவது கேளுங்கள். குத்தல் முதல் நிமிடத்தில் தெரியாது.

பேருந்தில் ஒலியைக் கடைசிவரை கூட்ட வேண்டியிருக்கிறது

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்கோ, ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்கோ தினமும் சன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்கள் கொண்டுவரும் குறை இது. ஒலி போதாமல் இல்லை. வெளிச்சத்தம் பாட்டை மூடிவிடுகிறது. கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பதால் 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரமே மிஞ்சும். பேருந்துப் பயணத்திலேயே அது தீர்ந்துவிடும்.

வெளிச்சத்தத்தைத் தடுக்க இரண்டு வழிகள். காதை இறுக்கமாக அடைக்கும் ரப்பர், பேச்சு, விசில், ஹாரன் போன்ற உயர்ந்த ஒலிகளை நன்றாகத் தடுக்கும். நாய்ஸ் கேன்சலிங் என்பது மைக் மூலம் வெளிச்சத்தத்தை வாங்கி அதன் தலைகீழ் அலையை உருவாக்கிக் கரைப்பது. இன்ஜின் உறுமல், மின்விசிறி, ஏ.சி. போன்ற தாழ்ந்த, மாறாத ஒலிகளில் அது சிறப்பாக வேலை செய்யும். பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சு முழுதும் மறையும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமே வரும். பேருந்துக்கு இரண்டும் சேர்ந்த வகை சிறந்தது. பணம் போதாதென்றால் நல்ல ஃபோம் ரப்பர் போட்ட வயர் இயர்போனே வெகுதூரம் உதவும். இரு சக்கர வண்டியில் எதையும் காதில் மாட்டாதீர்கள். மாசி வீதிகளில் நடந்து போகும்போதும் ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.

மைக்கைப் போட்டவுடன் ஒலி கிணற்றுக்குள் போய்விடுகிறது

இணைய வகுப்பிலோ அலுவலகக் கூட்டத்திலோ ப்ளூடூத் ஹெட்போன் இப்படி நடந்துகொண்டால் அது பழுதாகவில்லை. பாட்டு கேட்கும்போது ப்ளூடூத் ஒரு திசையில் மட்டும் உயர்தர ஒலியை அனுப்புகிறது. மைக்கும் தேவைப்பட்டவுடன், அழைப்புக்கென்று உள்ள வேறு முறைக்கு மாறி, இரு திசையிலும் குறைந்த தரத்தில், மோனோவாக ஒலியைக் கடத்துகிறது. மடிக்கணினியில் ஒலி வெளியீட்டை ஹெட்போனிலேயே விட்டுவிட்டு, மைக்கை மட்டும் மடிக்கணினியின் சொந்த மைக்குக்கு மாற்றிவிட்டால் தரம் திரும்பிவிடும். 2020 இல் அறிமுகமான எல்.ஈ. ஆடியோ முறை இதைச் சீர்செய்கிறது. ஆனால் கருவி, கணினி இரண்டுமே அதை ஏற்க வேண்டும்.

இதே ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வருவதும் இயல்பு. படம் பார்க்கும்போது செயலிகள் அதைச் சரிக்கட்டிவிடும். கீபோர்டு வாசிப்பவருக்கும் பதிவுசெய்துகொண்டே பாடுபவருக்கும் சரிக்கட்ட வழியில்லை, விரலுக்குப் பின்னால் ஒலி வந்தால் தாளம் நிற்காது. அவர்கள் வயர் வைத்ததையே வாங்க வேண்டும். 63 ஓம் கொண்ட சோனி எம்.டி.ஆர்.-7506, 38 ஓம் கொண்ட ஆடியோ-டெக்னிகா ஏ.டி.எச்.-எம்50எக்ஸ் போன்ற, பின்புறம் மூடிய வகைகள் ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலமாகப் புழங்குவன.

சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை

வீட்டுப் பெரியவர் தொலைக்காட்சிச் செய்தியை எவ்வளவு கூட்டி வைத்தும் "என்ன சொன்னான்?" என்று கேட்கிறாரென்றால், அதிக பாஸ் உள்ள ஹெட்போனை வாங்கிக் கொடுத்து அவரை இன்னும் குழப்பிவிடாதீர்கள். வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் தாழ்ந்த பகுதியில் வலுவாக இருப்பதால் தப்பிவிடும். க, ச, த, ப போன்ற வல்லினம் உடைந்து வெளிப்படும் நொடிப்பொழுது உயர்ந்த பகுதியில் இருக்கிறது. அதனால் பாலும் காலும் ஒன்றாகக் கேட்கின்றன. பாஸைக் குறைத்து, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சிறிது உயர்த்திக் கொடுங்கள். தொலைக்காட்சியில் பேச்சுத் தெளிவுக்கான அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள். காதின் மேல் அமரும், எடை குறைந்த, பெரிய ஒலிக் குமிழ் உள்ள வயர்லெஸ் ஹெட்போன் அவருக்குச் சுலபம். அதோடு ஒரு செவித்திறன் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது, ஏனெனில் காது கேட்கும் கருவியின் வேலையை ஹெட்போன் செய்யாது.

விலை உயர்ந்த ஹெட்போனில் ஒலி மெலிதாக இருக்கிறது

1997 இல் வெளிவந்த சென்ஹைசர் எச்.டி. 600 இன் மின்தடை 300 ஓம். போன் அரை வோல்ட் கொடுக்கிறதென்று வைத்துக்கொண்டால் 16 ஓம் இயர்போனுக்கு ஏறத்தாழ 15 மில்லிவாட் கிடைக்கும். அதே அரை வோல்ட்டில் இதற்குக் கிடைப்பது ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. மெல்லிய அளவில் பதிவான பழைய கச்சேரிகளில் அது போதாது. டைப்-சி துவாரத்தில் செருகி ஒலியை வலுவாக்கும் சிறிய ஆம்ப் இந்தக் குறையைத் தீர்க்கும். ஓம் குறைவாக இருப்பதாலேயே எளிதில் ஒலிக்கும் என்றும் நம்ப வேண்டாம், பெட்டியில் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு ஒலி எழும் என்பது, எத்தனை டெசிபல் என்று பாருங்கள்.

ஆம்ப் வாங்குமுன் இன்னொன்றை யோசியுங்கள். எச்.டி. 600 பின்புறம் திறந்த வகை. அதன் அழகெல்லாம் அமைதியான அறையில்தான் வெளிப்படும். வெளிச்சத்தம் தடையின்றி உள்ளே வரும், பாட்டும் பக்கத்தில் படிப்பவருக்குக் கேட்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில், சித்திரையிலும் வைகாசியிலும் மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு அதன் கீழே உட்கார்ந்து கேட்பவர்களுக்கு, பாதி விலையில் கிடைக்கும் மூடிய ஹெட்போன் அதிக இசையைக் கொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

சார்ஜர் போட்டால் 'உர்' என்கிறது

வீட்டில் பாடிப் பதிவு செய்பவர்களின் குறை. சார்ஜரைப் பிடுங்கி, மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் மின்வழியில் இருக்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பெட்டியில், எர்த் சரியாக உள்ள மூன்று முனைப் பிளக்கில் இணையுங்கள். இரைச்சல் போக வேண்டுமென்று எர்த் முனையை உடைத்துவிடுவோரைப் பார்த்திருக்கிறேன். அது உயிருக்கு ஆபத்து.

மெத்தை உரிகிறது, இயர்பட்ஸ் சார்ஜ் நிற்பதில்லை

வியர்வையும் வெயிலும் செயற்கைத் தோல் மெத்தையை உரித்துவிடும். மாற்று மெத்தைகள் தனியே கிடைக்கும். நம் ஊர் வெக்கைக்குத் துணி மெத்தை நல்லது, வெளிச்சத்தம் மட்டும் சற்று அதிகமாக வரும். உடற்பயிற்சிக்கு வாங்கும் இயர்பட்ஸில் குறைந்தது ஐ.பி.எக்ஸ்.4 குறியீடு இருக்க வேண்டும். அது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாவிட்டால் பெட்டிக்குள் உள்ள பொன்னிற முனைகளை உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பாருங்கள், வியர்வை உப்பு படிந்திருக்கும். கோடையில் மூடிய காருக்குள்ளோ வண்டியின் டிக்கியிலோ அவற்றை விட்டுச் செல்லாதீர்கள். பேட்டரி உப்பிப் பெட்டியின் மூடி சரியாக மூடாமல் போயிருந்தால், மறுபடி சார்ஜ் போடாமல், அழுத்தியோ குத்தியோ பார்க்காமல், தனியே எடுத்து வைத்து மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த நிலைக்கு வந்ததை நானும் திறப்பதில்லை.